தட்டினால்தான் சாப்பாடு

பழைய நெடுஞ்சாலையோரம் இருந்த அந்த விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதில்லை. செத்துப்போன மகன் சுவரைத் தட்டுவான். அதற்குப் பிறகுதான் மேசையில் தட்டு வைப்பார்கள்.

துருப்பிடித்த குழாய்களை மாற்ற வந்த குழாய்க்காரனுக்கு இதை முதல் நாளே சொன்னவர் சமையற்காரர். எதைச் சமைத்தாலும் பாதி உப்புதான் போடுவார் என்பதால் அந்த வீட்டில் அவருக்கு அரைஉப்பு என்று பெயர்.

"பசிக்குதுன்னு இப்பவே வந்து உட்காராதீங்க தம்பி. சின்னவர் வந்து தட்டணும்."

"யாரு சின்னவர்?"

"பெரியவரோட பையன்."

"எப்ப வருவாரு?"

"அவரு செத்து ஆறு வருஷமாச்சு," என்றார் அரைஉப்பு, சூப்பைக் கிண்டிக்கொண்டே. "ஆனா பொழுது சாஞ்சா டாண்ணு வந்துடுவாரு. உயிரோட இருந்தப்பகூட இவ்வளவு ஒழுங்கா வந்ததில்ல."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக் குழாய்க்காரன் முன்கூடத்தில் போய் உட்கார்ந்தான். லாரி ஓட்டுநர்கள் இருவர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். சாவிகள் தொங்கும் பலகைக்குக் கீழே, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு விடுதிக்காரர் உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் அவர் பெரியவர். ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. அப்போது, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டொக். மூச்சு விடும் நேரம். பிறகு, டொக் டொக்.

ஓட்டுநர்களில் இளையவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "வந்துட்டான்," என்றார். "சாப்பாடு போடலாம்."

கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கமிருந்து ஈரக் கையைத் துடைத்தபடி அவருடைய மருமகள் உள்ளே வந்தாள். யாரையோ பார்த்துப் பேசிவிட்டு வந்தவள் போல அவள் முகம் இருந்தது.

அது குழாய்ச் சத்தம் என்று குழாய்க்காரனுக்கு முதல் தட்டிலேயே தெரிந்துவிட்டது. பதினைந்து வயதிலிருந்து குழாய்களோடு புழங்குகிறவன் அவன். கிணற்று மோட்டாரை நிறுத்தி வால்வை மூடும்போது, மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி வந்து மோதும். எங்கேயோ பிடிப்பு கழன்ற குழாய் துள்ளிச் சுவரில் இடிக்கும். அவ்வளவுதான் சங்கதி. சொல்ல வாயெடுத்தான். எதிரே பெரியவர் நிம்மதியாக ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததை ரொட்டியோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

மிச்சக் கதையும் அரைஉப்பு வாயிலிருந்துதான் வந்தது. மகன் இருந்தவரை சந்தையிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு தினமும் பொழுது சாயும்போது திரும்புவான். வண்டியைக் கொல்லையில் நிறுத்திவிட்டு, அப்பா உட்கார்ந்திருக்கும் சுவரை வெளியிலிருந்து அப்படித்தான் தட்டுவான். கல்லாவை விட்டு எழுந்து சாப்பிட வாருங்கள் என்று அர்த்தம். ஒரு மழைநாளில் வண்டி பாலத்தடியில் கவிழ்ந்தது. காரியமெல்லாம் முடிந்த கொஞ்ச நாளில் சுவர் தட்ட ஆரம்பித்தது. மகன் படுத்திருந்த மூலை அறை அந்தச் சுவருக்கு நேர் மேலே இருந்தது. அதில் யாரையும் தங்க விடுவதில்லை.

"ஊர் பூரா இத பேய் விடுதின்னுதான் சொல்லுது," என்றார் அரைஉப்பு. "பயந்து ஓடுனவங்களும் உண்டு. வேணும்னே பாக்க வர்றவங்களும் உண்டு. பெரியவருக்கு அவங்களக் கண்டாத்தான் ஆகாது. எம்பையன் என்ன சர்க்கஸான்னு கத்துவாரு."

மறுநாள் காலை மருமகள்தான் அறை அறையாகக் கூட்டிப்போய் வேலையைக் காட்டினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். எந்தக் குழாய் ஒழுகும், எது தும்மும், எதில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வரும் என்று பிள்ளைகளின் குணம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே வந்தாள். மூலை அறை வாசலில் நின்றாள்.

"இந்தச் சுவத்துல போற குழாய மட்டும் விட்டுடுங்க."

"அதுதாங்க ரொம்பப் பழசு."

"இருக்கட்டும். அதுல கை வைக்காதீங்க."

பாவம், நம்புகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

குழாயில் திருப்புளியை ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பது அவன் வழக்கம். உள்ளே எங்கே கசிகிறது என்று அதில் தெரியும். டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற அவளுக்கு அதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

"என்னங்க சொல்லுது?"

"இந்த வீட்டம்மா வேலை மட்டும் வாங்கறாங்க, டீ குடுக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்லுது."

"அது பொய் சொல்ற குழாய். மொதல்ல அத மாத்துங்க," என்று சிரித்தாள். சிரித்துவிட்டு யாராவது கேட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். டீ வந்தது. அதற்குப் பிறகு கேட்காமலே வந்தது.

குழாய்க்காரனுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கைகள் இருவரையும் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது அவனுக்குப் பெண் பார்க்க யாரும் மிச்சமில்லை. டவுனில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் தனியாக இருந்தான். தனியாக இருப்பது ஒரு குறை என்றே இதுவரை அவனுக்குத் தோன்றியதில்லை. இப்போது நல்ல குழாயில்கூடக் குறை கண்டுபிடித்து வேலையை இழுத்தான்.

"அந்தக் குழாய நேத்தே மாத்துனீங்களே தம்பி?" என்று கேட்டார் அரைஉப்பு.

"சரியா உட்காரல."

"எது? குழாயா, நீங்களா?"

ஒரு மத்தியானம், கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளை அவள் மடித்துக்கொண்டிருந்தாள். தனியாக மடிக்கச் சிரமப்பட்டதைப் பார்த்து அவன் மறுமுனையைப் பிடித்தான். இழுத்து உதறி, பாதியாக மடித்து, இருவரும் நடந்து எதிரெதிரே வந்து முனைகளைச் சேர்த்தார்கள். மூன்றாவது விரிப்பில் முனையைக் கொடுத்தவன் கையை எடுக்கவில்லை.

"எங்கூட வந்துடுங்களேன்," என்றான். இதைவிட நன்றாகச் சொல்ல மனதுக்குள் பலதடவை ஒத்திகை பார்த்திருந்தான். வந்தது இவ்வளவுதான்.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. விரிப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "வேலை முடியட்டும். மாமாகிட்ட நான் பேசணும். அவருக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் பேச முடியும். ரெண்டு மூணு நாள் பொறுங்க."

முடியாது என்று அவள் சொல்லவில்லை. அன்று முழுக்க அவன் கால் தரையில் பாவவில்லை. ஆனால் பொழுது சாய்ந்தது. சுவர் தட்டியது. கொல்லைப்பக்கமிருந்து அவள் அதே முகத்தோடு உள்ளே வந்தாள். பகலெல்லாம் அவனைப் பார்த்துச் சிரித்த முகம் இல்லை அது. அவன் போய்ச் சேர முடியாத ஒரு இடத்திலிருந்து திரும்பி வருகிற முகம். செத்தவனோடு போட்டி போடுவது கேவலம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

மறுநாள் அவள் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் மூலை அறைக்குள் போனான். பிரமை தெளிந்துவிட்டால் அவளுக்கு லேசாகிவிடும், சத்தம் நின்ற பிறகு உட்கார வைத்து விளக்கிச் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய்யுமில்லை அது, முழு உண்மையுமில்லை. மரப்பலகையைக் கழற்றினான். நினைத்தது போலவே, குழாயைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்ப் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அடியில் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் துண்டு காய்ந்து சுருங்கிக் கிடந்தது. பழையதை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, புது ரப்பர் வைத்து, புது கிளாம்பை முறுக்கினான். அசைத்துப் பார்த்தான். மலைபோல் நின்றது. அந்த வீட்டில் அவன் செய்ததிலேயே சுத்தமான வேலை.

அன்று பொழுது சாய்ந்தது. அரைஉப்பு விளக்கைப் போட்டார். ஜன்னல் கறுத்தது. சுவர் பேசாமல் இருந்தது.

"பெரியவரே, பசி உயிர் போகுது," என்றார் ஒரு ஓட்டுநர்.

"இருப்பா. வந்துடுவான்."

அரைஉப்பு சமையலறையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மறுபடி வந்தார். "சூப் ஆறுதுங்க."

பெரியவர் காதைச் சுவரில் வைத்தார். பிறகு எழுந்து போய் வாசலில் நின்று சாலையைப் பார்த்தார். "வண்டி எங்கயாச்சும் நின்னுடுச்சோ என்னவோ," என்றார். அரைஉப்பு குழாய்க்காரனின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "சின்னவர் போன அன்னைக்கும் அங்கதான் நின்னாரு. இதையேதான் சொன்னாரு."

குழாய்க்காரன் கொல்லைக்கு ஓடினான். கிணற்றடி மோட்டார் அறையில் அவள் வால்வைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள்.

"அந்தச் சுவத்துல கை வெச்சீங்களா?" என்றாள் திரும்பாமல்.

"உங்க நல்லதுக்குத்தாங்க. அது உங்க வீட்டுக்காரர் இல்ல. வெறும் குழாய். கிளாம்ப் கழண்டு போய்..."

"தெரியும்."

அவள் இப்போது திரும்பினாள்.

"தெனம் இந்த வால்வ மூடறவ நான். நான் மூடினாத்தான் அது தட்டும். ஆறு வருஷமா எனக்கு இது தெரியாதா?" அவள் குரல் உயரவில்லை. "அந்தக் கிளாம்ப் யாரு மாட்டுனதுன்னு நினைச்சீங்க? அவரு மாட்டுனது. வருஷா வருஷம் அவருதான் முறுக்கி வைப்பாரு. அவரு போனப்புறம் முறுக்க ஆளில்ல. அதனாலதான் தட்ட ஆரம்பிச்சுது. அப்ப அது அவரு சத்தம் இல்லாம வேற யாரு சத்தம்?"

அவள் மறுபடி வால்வைத் திருகிப் பார்த்தாள்.

"மொத தடவை கேட்டப்ப மாமா பத்து நாளா சரியா சாப்பிடாம இருந்தாரு. சத்தம் கேட்டு எழுந்து போய் தட்டு முன்னாடி உட்கார்ந்தாரு. அன்னையிலிருந்து நான் மூடறேன், அவரு சாப்பிடறாரு." வால்வை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கேக்கறதுக்கு முன்னாடியிருந்தே, நாலு நாளா அரைஉப்பண்ணனுக்குச் சொல்லிக் குடுத்துட்டிருந்தேன். எப்ப மூடணும், எவ்வளவு வேகமா மூடணும்னு. அவரு பழகிட்டா மாமா தனியா இருக்க மாட்டாரு. நாளைக்குத்தான் மாமாகிட்ட உங்களப் பத்திப் பேசறதா இருந்தேன்."

உள்ளே போனாள். பெரியவர் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலையே அரைஉப்பு, முடி வளர்ந்துவிட்டது என்று சொல்லிப் பெரியவரைச் சவரக் கடைக்குக் கூட்டிப்போனார். "முடியே இல்லாதவனுக்கு என்னடா முடிவெட்டு?" என்று பெரியவர் கேட்டது கேட் வரைக்கும் கேட்டது. குழாய்க்காரன் மாடிக்குப் போனான். புது கிளாம்பைத் தளர்த்தினான். பழைய ரப்பரைத் தேடினான். குப்பையோடு குப்பையாக அது அடுப்பில் எரிந்துவிட்டிருந்தது. கீழே மோட்டார் அறையில் அவள் வால்வைப் பிடித்தாள். ஜன்னல் வழியே அவன் கத்தினான். அவள் மூடினாள்.

"இது கடன்காரன் தட்டற மாதிரி இருக்கு," என்று கீழிருந்து குரல் வந்தது.

திருகை இன்னும் அரைச்சுற்று விட்டான். துணி வைத்துப் பார்த்தான், தோல் வைத்துப் பார்த்தான், தன் செருப்பில் ஒரு துண்டை வெட்டி வைத்துப் பார்த்தான்.

"மொத தட்டுக்கு அப்புறம் அவரு கொஞ்சம் நிறுத்துவாருங்க. மூட்டைய இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாத்துவாரு. அதுக்கு அப்புறந்தான் ரெண்டு."

குழாய்க்கு எந்த மூட்டையை எப்படி மாற்றக் கற்றுக்கொடுப்பது? இருந்தாலும் மத்தியானம் வரை விடாமல் முயன்றார்கள். ஒரு தடவை ஏறக்குறைய சரியாக வந்தது. அவள் மோட்டார் அறையிலிருந்து வெளியே வந்து மேலே பார்த்து, மறந்துபோய்ச் சிரித்தாள். அடுத்த தடவை அது வரவில்லை. இந்தப் பெண்ணோடு இப்படியே ஒரு ஆயுள் முழுக்க வேலை செய்திருக்கலாம் என்று ஜன்னலில் நின்றவனுக்குத் தோன்றியது.

பொழுது சாய்ந்தது. அவளே மூடினாள். டொக், டொக், டொக்.

பெரியவர் தலை நிமிர்ந்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "யாரோ கதவத் தட்டறாங்க," என்றபடி எழுந்து முன்வாசலுக்குப் போனார். தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்தார். "யாருங்க? உள்ள வாங்க, அறை இருக்கு." சாலையில் ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தார். "போயிட்டாங்க போல," என்று கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடி முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து காத்திருந்தார்.

மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ரொட்டியைச் சூப்பில் தோய்த்துக் கையில் கொடுத்தாள். அவள் கொடுத்ததை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றார். அவள் தண்ணீர் எடுக்க எழுந்தபோது, அவரும் எழுந்தார்.

குழாய்க்காரன் விடிந்ததும் மூலை அறைக்குப் போய்க் கிளாம்பை இறுக்கிவிட்டான். இல்லாத ஆளுக்காக அவர் இன்னொரு தடவை கதவைத் திறப்பதைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கியபோது பெரியவர் கூப்பிட்டார்.

"உட்காரு தம்பி. எம்பையன் போயிட்டான். கவனிச்சியா?"

குழாய்க்காரன் பையைக் கீழே வைத்தான்.

"இந்த வீட்டுல அவ சிரிச்சு ரொம்ப நாளாச்சு. நீ வந்தப்புறம் சிரிக்கிறா. எனக்கே கேட்டுச்சு, அவனுக்குக் கேட்டிருக்காதா? இனிமே நான் எதுக்குன்னு போயிருப்பான். நல்ல பையன்." பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அவனே விட்டுக்குடுத்துட்டான். நான் யாரு பிடிச்சு வைக்க? கூட்டிட்டுப் போப்பா."

ஒரு வார்த்தையில் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் இந்த மனிதரிடம் மிச்சமிருக்கும் ஆறு வருஷமும் போய்விடும். சொல்லாவிட்டால், செத்தவன் பெயரில் தானே எழுதிக்கொண்ட சம்மதத்தோடு அவன் வாழ வேண்டும். அவன் தலையை மட்டும் ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவள் சாலை வரைக்கும் கூட வந்தாள். வெயில் ஏறியிருந்தது.

"மாமா சம்மதிச்சுட்டாரு," என்றான்.

"எங்கிட்டயும் சொன்னாரு."

"வர மாட்டீங்க."

"எப்படி வர்றது? முந்தாநாள் வரைக்கும் அவருக்குத் துணை இருந்துச்சு. நிம்மதியா விட்டுட்டு வந்திருப்பேன். இப்ப நான் கண்ணுல படாட்டி எழுந்து தேடறாரு."

"நான் இங்கயே வந்துடறேன். டவுன்ல எனக்கு என்ன இருக்கு?"

இதை அவள் யோசித்திருந்தாள் என்பது பதில் வந்த விதத்திலேயே தெரிந்தது. "தெனம் உங்களப் பக்கத்துல உட்கார வெச்சு, எம்பையன் உனக்காக விட்டுக்குடுத்தான்னு மாமா சொல்லுவாரு. எத்தனை நாள் கேட்டுட்டு சாப்பிடுவீங்க? ஒரு நாள் சொல்லிடுவீங்க. இல்லைன்னா நான் சொல்லிடுவேன்." விடுதிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அதோட, நான் வால்வ மூடுவேன். சத்தம் வராது. அப்ப நான் உங்க மூஞ்சியத்தான் பாக்கணும். எனக்கு உங்கள அப்படிப் பாக்க வேணாம்."

"பொறாமையிலதாங்க செஞ்சேன்," என்றான் அவன். அதையாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

"அதுவும் தெரியும்," என்றாள். அவன் தோளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கையால் தட்டிவிட்டாள். தட்டிய கை அங்கேயே கொஞ்சம் நின்றது.

விடுதி வாசலில் பெரியவர் வந்து நின்றார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார்.

"பெட்டிய எடுத்துக்கலியாம்மா?" என்று அங்கிருந்தே கத்தினார். "அரைஉப்ப தூக்கிட்டு வரச் சொல்லவா?"

"வேணாம் மாமா! இதோ வர்றேன், சாப்பிடலாம்!"

அவள் திரும்பி நடந்தாள். அவசரமில்லாமல்தான் நடந்தாள், ஆனால் ஒரு தடவையும் நிற்கவில்லை. அவள் பக்கத்தில் வந்ததும் பெரியவர் என்னவோ கேட்டார், அவள் தலையை ஆட்டிவிட்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள். பெரியவருக்குப் புரியவில்லை. சாலையில் பையோடு நின்றவனைப் பார்த்துக் கையசைத்து, வா என்று கூப்பிட்டார். அவன் அசையவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, இவன் பின்னாலேயே வருவான் என்று நினைத்தோ என்னவோ, கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டு அவரும் உள்ளே போனார்.